எந்த வலை வைப்பது?

டாக்டர் கேட்டது என்னைத்தான். பதில் சொன்னது இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் நான் இல்லை.

தருமபுரியில் ஒரு மருத்துவமனையின் மாடியறை அது. கீழே சாலையில் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. நான் பரிசோதனைக் கட்டிலிலிருந்து இறங்கி, கொசுவத்தைச் சரியாகச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னொரு குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்காம்மா?”

“இருக்குதுங்க” என்றார் வலப்பக்கம் நின்றிருந்த என் மாமியார்.

“இல்லீங்க” என்றார் இடப்பக்கம் நின்றிருந்த என் கணவர்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்து என் தலைக்கு மேலே மோதிக்கொண்டன.

“என்னடா இல்லீங்க?” என்று மகன் பக்கம் திரும்பினார் அத்தை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

“நீ சும்மா இரும்மா. அவங்க ஆபரேஷனுக்காகக் கேக்கறாங்க.”

“நானும் ஆபரேஷனுக்காகத்தான்டா சொல்றேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் இவங்களைக் கேட்டேன்” என்று என்னைக் காட்டினார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். நாற்பது பிள்ளைகள் ஒன்றாகக் கேள்வி கேட்டாலும் சமாளித்தவள். அன்றைக்கு எனக்கு வந்தது ஒரே ஒரு வரி.

“யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்றேன்.

காசு கட்டிய கதை

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் மகள் யாழினி பிறந்த கதை தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ரத்தம் நிற்காமல் போய், அவசரமாக வயிற்றை நெடுக்காகக் கிழித்துத்தான் அவளை எடுத்தார்கள். அந்தத் தையல் தழும்பின் நடுவில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, அவளுக்கு ஒன்றரை வயதானபோது ஒரு வீக்கம் வந்தது; குடலிறக்கம் என்று அதற்குப் பெயர். இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்கு எட்டிப் பார்க்கும். படுத்தால் காணாமல் போய்விடும்.

ஏன் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் துணி இறுக்கிக் கட்டாததால் என்றார் என் அம்மா. தையல் ஆறும்வரை கட்டாதே என்று நர்ஸ் சொன்னதை அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குடம் தூக்கியதால் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் எல்லாவற்றையும் நம்பினேன். காலையில் குடத்தின் மேல் பழி, மாலையில் துணியின் மேல் பழி, படுக்கப்போகும்போது மொத்தப் பழியும் என் மேல்.

அத்தைக்குக் காரணத்தைப் பற்றிக் கவலையில்லை. அவரிடம் வைத்தியம் இருந்தது.

யாழினிக்குப் பிறந்ததிலிருந்தே தொப்புள் துருத்திக்கொண்டிருந்தது. அழுதால் பலூன் போல உப்பும். அத்தை ஒரு பழைய காசைத் துணியில் சுற்றித் தொப்புள்மேல் வைத்துக் கட்டினார். “தானா மூடிக்கும், காசு வச்சா தோல்தான் புண்ணாகும்” என்று குழந்தைகள் டாக்டர் சொன்னார். நான் காலையில் அவிழ்ப்பேன், அத்தை மாலையில் கட்டுவார். இப்படியே போய் இரண்டு வயதுக்குள் தொப்புள் மூடிக்கொண்டது. டாக்டர் சொன்னபடி தானாகத்தான் மூடியது. ஆனால் எங்கள் தெருவில் பெயர் வாங்கியது காசு.

“கொழந்தைக்குச் சின்னக் காசு. உனக்குக் கொஞ்சம் பெருசா வச்சுக் கட்டு” என்றார் அத்தை.

கட்டினேன். சிரிக்காதீர்கள். பெரியவர்கள் சொன்னதை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கட்டித்தான் பார்ப்போமே என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. சில வாரங்களில் வயிற்றில் வட்டமாக ஒரு சிவந்த தடம் விழுந்தது. வீக்கம் எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சுக்குப் போயிருந்தது. குழந்தையின் தொப்புளில் இருக்கும் ஓட்டை வளர வளர மூடும், வெட்டித் தைத்த பெரியவர்களின் வயிற்றில் விட்டுப்போன இடைவெளி நாளாக நாளாகப் பெரிதாகத்தான் ஆகும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

“நானே உக்காந்துக்கறேன்”

எங்கள் வீடு மாரண்டஹள்ளிப் பக்கம். மல்பெரித் தோட்டமும், பட்டுப்புழு வளர்க்கும் ஒரு ஷெட்டும் உண்டு. புழு ஷெட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலைதான். தழைக்கட்டைத் தூக்கி வந்து போட வேண்டும். பாலக்கோட்டில் பார்த்த முதல் டாக்டர், கனம் தூக்கக் கூடாது என்றார். தழைக்கட்டை விட்டுவிட்டேன். குடத்தை விட்டுவிட்டேன். குழந்தையும் அந்தக் கனத்தில் சேர்த்தி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

யாழினிக்கு அப்போது மூன்று வயது ஆகப்போகிறது. “அம்மாவுக்கு வயித்துல புண்ணு, தூக்கச் சொல்லக் கூடாது” என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் ஷெட் வாசலில் கால் தடுக்கி விழுந்தாள். முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வீறிட்டுக்கொண்டே என்னை நோக்கி ஓடி வந்தவள், ஒரு கை தூரத்தில் சட்டென்று நின்றாள். கையைத் தூக்கப் போய், தானே கீழே இறக்கிக்கொண்டாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து, “நீ குனிய வேணாம்மா, நானே உக்காந்துக்கறேன்” என்றாள். அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னாள்.

நானும் மண்ணில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். எதையும் நாலு தடவை மாற்றி யோசிக்கிற எனக்கு, ஆபரேஷன் செய்துகொள்வது என்ற முடிவு மட்டும் அங்கேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதை மாற்றி யோசிக்கவில்லை. எப்படிப்பட்ட ஆபரேஷன் என்பதில்தான் சிக்கல்.

மேசைமேல் மூன்று துண்டுகள்

மாடியறைக்குத் திரும்புகிறேன். “யோசிச்சுச் சொல்றேன்” என்றதும் டாக்டர் கோபிக்கவில்லை. மேசை டிராயரிலிருந்து மூன்று சின்னத் துண்டுகளை எடுத்து வைத்தார்.

வெறுமே தைத்தால் மறுபடி விட்டுப்போக வாய்ப்பு அதிகம், அதனால் உள்ளே ஒரு வலை வைத்துத் தைப்பார்கள் என்றார். முதல் துண்டு வெள்ளை நைலான் வலை போல விறைப்பாக, நெருக்கமாக இருந்தது. இரண்டாவதும் அதே பிளாஸ்டிக் இழைதான். ஆனால் லேசு, பெரிய கண், துணி போல மடிந்தது. மூன்றாவதுக்கு ஒரு பக்கம் வழவழவென்று பூச்சு. குடலைத் தொடும்படி உள்பக்கமாக வைப்பதானால் இந்தப் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் குடல் வலையோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். தசை அடுக்குகளுக்கு நடுவில் வைப்பதானால் பூச்சு இல்லாததே போதுமாம்.

அத்தை இரண்டாவது துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புழுப் படுக்கையைச் சுத்தம் செய்ய நாங்கள் வலைதான் விரிப்போம். வலைமேல் புதுத் தழை போட்டால், புழுக்கள் வலைக்கண் வழியாக மேலே ஏறிவிடும். வலையோடு புழுவைத் தூக்கிவிட்டுப் பழைய எச்சத்தைக் கூட்டித் தள்ளலாம்.

“கண்ணு எதுக்குங்க இவ்வளவு பெருசா?” என்றார்.

“கண்ணு வழியா உடம்போட சதை வளந்து வலையைப் பிடிச்சுக்கும்மா.”

“புழு ஏறுற மாதிரி.”

“அப்படித்தான் வச்சுக்கோங்களேன்.”

“ஏறினதுக்கப்புறம் வலையத் தூக்கிருவீங்களா?”

“இல்லம்மா. அது உள்ளயேதான் இருக்கும்.”

“எத்தன நாளைக்கு?”

“கடைசிவரைக்கும்.”

அத்தை துண்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் மாதேஷ் அதுவரை முதல் துண்டைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருந்தார். “இது எத்தன ஜி.எஸ்.எம். வருதுங்க?”

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். “நீங்க என்ன, மெடிக்கல் கம்பெனியா?”

“இல்லீங்க. ஷெட்டுக்கு நெழல்வலை வாங்குவோம். அதுக்கு ஜி.எஸ்.எம். பாத்துத்தான் வாங்கறது.”

வலையின் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளப்பது இதற்கும் உண்டாம். இருவரும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகக் கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வயிறு என்னுடையது என்பதை நான் தொண்டையைச் செருமி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

“குழந்தையை ஏன் மேடம் கேட்டீங்க?”

“மாசம் ஆக ஆக வயிறு விரியணும். வலை ஓரளவுக்குத்தான் கூட விரியும். கர்ப்பம் ஆகவே கூடாதுன்னு இல்ல. இழுக்கிற மாதிரி வலி வரலாம், தைச்ச இடம் மறுபடி விட்டுப்போகலாம். சீக்கிரமே இன்னொரு குழந்தைன்னா, பெல்ட் போட்டுக்கிட்டு, பிரசவம் முடிஞ்சப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கறவங்களும் இருக்காங்க. அதனாலதான் கேட்டேன்.”

கிளம்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். வீக்கம் கல்லு மாதிரி ஆகி உள்ளே போகாமல் நின்றால், கூடவே வாந்தி வந்தால், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும். உள்ளே குடல் மாட்டிக்கொண்டிருக்கும். உயிருக்கே ஆபத்து.

வீட்டில் இரண்டு கட்சி

பேருந்தில் பாலக்கோடு வரும்வரை அத்தை ஒரு ஜன்னலையும் என் கணவர் ஒரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் புழு கடைசிப் பருவத்தில் இருந்தது. நாள் முழுக்கத் தின்னும் பருவம். காய்ந்த சருகுமேல் யாரோ ஓயாமல் நடப்பது போல ஷெட்டுக்குள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு தழை பரப்பினோம். பட்டுக்கூடு இறக்கி விற்கும்வரை ஆபரேஷன் பேச்சு வேண்டாம் என்று ஒரு சமாதானம். ஆனால் பேச்சு நிற்கவில்லை.

“கெட்டியான வலையாவே வச்சுக்கலாம்” என்றார் மாதேஷ்.

“அது விறைப்பா இருக்கும்னு சொன்னாங்களே.”

“இருக்கட்டும். ஒரு தடவ போட்டா போட்டதுதான்.”

அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. யாழினி பிறந்த அன்றைக்கு ரத்தப் பை கேட்டு ஊரெல்லாம் ஓடியவர். அன்றைக்கு என்ன நடந்தது என்று இதுவரை என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. கெட்டியான வலையை அவர் ஒரு பூட்டாகப் பார்த்தார். பூட்டிவிட்டால் அந்த நாள் திரும்பி வராது. என்னை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் அது. ஆனால் பூட்டப்போவது என் வயிற்றை. சாவியைப் பற்றி என்னிடம் அவர் கேட்கவேயில்லை.

நான் என்ன செய்தேன்? போனில் படித்தேன். வலை சுருங்கிவிட்டது என்று ஒரு பெண், வலையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று என்று இன்னொரு பெண், ஒரு தொந்தரவும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்ட மூன்றாவது பெண். மூன்றாவது பெண்ணை மட்டும் என் மனம் நம்ப மறுத்தது. சரி, காத்திருக்கலாம் என்று முடிவு செய்வேன். யாழினி தன் பையைத் தானே இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்ததும் அந்த முடிவு உடையும்.

எனக்கு இன்னொரு குழந்தை வேண்டுமா? சில நாள் வேண்டும் போலிருந்தது. சில நாள் அந்த எண்ணமே உடம்பை நடுக்கியது. எந்த நாளும் பொய்யில்லை.

அத்தை கதவைச் சாத்தினார்

ஒரு மத்தியானம் ஷெட்டில் நானும் அத்தையும் மட்டும். திடீரென்று கதவைச் சாத்தினார்.

“இங்க பாரு” என்று புடவையை விலக்கினார்.

அடிவயிற்றில் அரைத் தேங்காய் அளவுக்கு ஒரு மேடு. அதன்மேல் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து பளபளத்தது. கல்யாணமாகி இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

“ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்தது. இத வச்சுக்கிட்டுத்தான் உன் நாத்தனாரப் பெத்தேன். நா பெத்தேன்ல? நீ பெத்துக்க மாட்டியா?”

குரலில் பெருமை இருந்தது. என்னைப் பயமுறுத்தவோ மட்டம் தட்டவோ காட்டவில்லை. தைரியம் கொடுப்பதாகத்தான் நினைத்தார்.

“வலிக்காதா அத்தை?”

“என்ன வலி. படுத்துக்கிட்டு ரெண்டு அமுக்கு அமுக்கினா உள்ள போயிரும்.”

“போகலைன்னா?”

“போவும்.” தழையைப் பரப்ப ஆரம்பித்தார். “ஒரு தடவ போவல. கல்லாட்டம் நின்னுக்கிச்சு. அன்னிக்குப் பூரா வாந்தி. அப்புறம் தானா போச்சு.”

தழையைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தேன். “டாக்டர் அன்னிக்கு அதத்தான சொன்னாங்க?”

“உனக்குச் சொன்னாங்க.”

“அவருக்குத் தெரியுமா?”

“ஆம்பளப் பையனுக்கு இத எதுக்குக் காட்டறது? தழையப் போடு, காயுது.”

நான் தழையைப் போட்டேன். ஆனால் அத்தை எதற்காகக் காட்டினாரோ அதற்கு நேர் எதிராக எனக்குள் ஒன்று உறுதிப்பட்டது. அத்தை அடுத்த குழந்தைக்காகக் காத்திருந்தார். பிறகு அந்தக் குழந்தை வளரக் காத்திருந்தார். பிறகு காத்திருப்பது பழகிப்போயிற்று. நான் அந்த வரிசையில் நிற்கப்போவதில்லை.

என் பதில்

கூடு விற்ற மறுவாரம் மூவரும் மறுபடி தருமபுரிக்குப் போனோம். அறை வாசலில் நான் திரும்பினேன்.

“அத்தை, ஏங்க, ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில உக்காருங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் மகனும் ஒரே கட்சியாகத் திகைத்தார்கள்.

உள்ளே போய், வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “இன்னொரு குழந்தை வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல மேடம். அது தெரியறவரைக்கும் காத்திருக்க மாட்டேன். இருக்கற குழந்தையை நான் தூக்கணும். இப்படி ஒருத்திக்கு எந்த வலை வைப்பீங்க?”

“தெரியலைன்னே குறிச்சுக்கறேன்” என்றார் டாக்டர். ஒரு தாளில் வயிற்றுச் சுவரை வரைந்தார். லேசான, பெரிய கண் உள்ள வலை. தசை அடுக்குகளுக்கு நடுவில், குடலைத் தொடாதபடி. பிறகு மாசமானால் வலி இருக்கலாம், விட்டுப்போனால் மறுபடி தைக்க நேரலாம், எப்படியும் நன்றாக ஆறும்வரை கர்ப்பம் வேண்டாம். கரைந்துபோகிற வலை என்று ஒன்று உண்டே என்று கேட்டேன். போனில் படித்ததுதான். அது கரைந்த பிறகு பலம் குறையும், உங்களுக்கு அது சரிவராது என்றார். கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றை இரண்டு தடவை கேட்டேன். அவர் இரண்டு தடவையும் பதில் சொன்னார்.

“இதையே வைங்க மேடம்” என்று இரண்டாவது துண்டைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த வலைதான் இப்போது எனக்குள் இருக்கிறது. குளிர்காலத்தில் தும்மினால் ஒரு சின்ன இழுப்பு. யாழினியைத் தூக்குகிறேன்; இப்போது முதுகுதான் வலிக்கிறது.

அன்றைக்கு இருவரையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன்.

“கெட்டியானது இல்லையா?” என்றார் மாதேஷ்.

“இல்லீங்க. இது வயித்தோட சேந்து வளையும்.”

“அப்ப, புள்ள?” என்றார் அத்தை.

“வந்தா வரும். வராமயும் போவலாம். அத நானும் அவரும் பேசி முடிவு பண்ணிக்கறோம் அத்தை. ஆபரேஷன் அதுக்காக நிக்காது.”

அத்தையின் முகம் இறுகியது. இதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேசியது பேசியாகிவிட்டது என்ற துணிவில் அடுத்ததையும் சொன்னேன்.

“மேடம், அத்தையையும் ஒரு தடவ பாத்துருங்க. இவங்களுக்கும் இருக்குது. ரொம்ப வருஷமா.”

“ஏய்!” என்றார் அத்தை.

“என்னம்மா இருக்குது?” என்றார் மாதேஷ். அவர் முகம் வெளுத்துவிட்டது.

நம்பிக் காட்டியதைப் போட்டு உடைத்துவிட்டேன். ஆனாலும் அத்தையின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கட்டில்வரை கூட்டிப்போய் விட்டேன். திட்டிக்கொண்டேதான் வந்தார், கையை உதறவில்லை.

டாக்டர் திரைக்குள் போனார். இருமச் சொன்னார். படுக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் இந்தப் பக்கம் நின்றோம்.

“எப்படிம்மா இதோட இத்தன வருஷம் வேலை செஞ்சீங்க? ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். பெரிய வலை வைக்க வேண்டியிருக்கும். ஆபரேஷன் பண்ணிக்கறீங்களா?”

“பண்ணிக்குவாங்க” என்றார் மாதேஷ், திரையைப் பார்த்து.

அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அத்தை எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“மொதல்ல அவளுக்கு வைங்க” என்றார். “அவ தும்மறது, நடக்கறது எல்லாம் பாத்துட்டு, நா சொல்றேன்.”